மறக்கப்பட்ட சோல் கலைஞரைச் சேகரிப்பாளர் கண்டெடுத்தால், பணம் யார் கைக்குப் போகிறது?

அமெரிக்கப் பாடகர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு நல்ல பாடகர் சொந்த நாட்டில் இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது எப்படி என்பது ஒன்று. இப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து மறுவெளியீடு செய்யும் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் அவர்களுக்கு உதவுகிறார்களா, அவர்களை வைத்துச் சம்பாதிக்கிறார்களா என்பது மற்றொன்று. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மறுவெளியீட்டுத் தட்டுகளை வாங்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஐயம் என்று எனக்குப் படுகிறது: ஒரு பாட்டு தொலைந்துபோயிற்று என்று நாம் சொல்லும்போது உண்மையில் தொலைந்தது எது? ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக 1960, 70களின் அமெரிக்க சோல் (கறுப்பினத்தவரின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை), சைக்கடெலிக் (ஒலியைத் திரித்து மயக்கம் தரும் ராக் வகை) இசைத்தட்டுகளை வாங்கி விற்று வருகிறேன். இடையில் சில ஆண்டுகள் சிறிய மறுவெளியீட்டு நிறுவனங்களுக்காக, ஒரு பழைய பாட்டின் உரிமை இன்று யார் கையில் இருக்கிறது என்று தேடிக்கொடுக்கும் வேலையும் செய்தேன். நான் வழக்கறிஞர் அல்லன். ஒப்பந்தம், காப்புரிமை பற்றி இங்கே எழுதுவதை அந்த வேலையில் அடிபட்டுக் கற்றதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோட்ரிகஸ் 1942இல் டெட்ராய்ட் நகரில், மெக்சிகோவிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய 'கோல்ட் ஃபேக்ட்' 1970இலும் 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி' 1971இலும் கிளாரன்ஸ் அவந்த் நடத்திய சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் வெளிவந்தன. முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர்கள் மைக் தியோடரும், டெட்ராய்ட்டின் புகழ்பெற்ற சோல் நிறுவனமான மோடவுனின் பதிவுகள் பலவற்றில் கிதார் வாசித்த டென்னிஸ் காஃபியும். ஆகவே, அது எங்கோ ஒரு மூலையில் கைக்காசைப் போட்டு எடுத்த ஆல்பம் என்று எண்ணிவிடக் கூடாது. அதே நிறுவனம் அதே ஆண்டுகளில் பில் விதர்ஸின் பாடல்களை அமெரிக்கா முழுவதும் விற்றுக் காட்டியது. ரோட்ரிகஸின் இரண்டு ஆல்பங்களும் அங்கே விற்கவில்லை, ஒப்பந்தம் முடிந்தது, 1975இல் நிறுவனமே மூடப்பட்டது. அவர் வீடுகளை இடிக்கும், புதுப்பிக்கும் வேலைக்குப் போனார். வேலைக்கு இடையே படித்து 1981இல் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். 1998இல் தென்னாப்பிரிக்காவில் அரங்கு நிறைந்த கச்சேரிகள், 2008இல் லைட் இன் தி அட்டிக் நிறுவனத்தின் மறுவெளியீடு, 2012இல் நீங்கள் பார்த்த படம், மறு ஆண்டு அதற்கு ஆஸ்கர் விருது என்று பின்பகுதி உங்களுக்கே தெரியும். 2023 ஆகஸ்டில், தம் 81ஆம் வயதில் காலமானார்.

படம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு, உங்கள் முதல் கேள்விக்கான விடையின் பாதி அதில் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் அவருக்கு நல்ல கூட்டம் சேர்ந்திருந்தது. 1979இல் அங்கே சுற்றுப்பயணம் செய்தார், அந்தக் கச்சேரிகளிலிருந்து ஒரு நேரடிப் பதிவு ஆல்பமும் வந்தது. 1981இல் மிட்நைட் ஆயில் குழுவோடு மறுபடியும் போனார். படமோ 1970களின் தொடக்கத்துக்கும் 1998க்கும் நடுவில் அவர் மேடையே ஏறாதவர் போன்ற எண்ணத்தைத் தருகிறது. கதையின் வடிவம் கெடாமலிருக்க இயக்குநர் அதை விட்டிருக்கலாம். நான் அவரைக் குறைசொல்ல வரவில்லை, ஆனால் அந்தத் துண்டைச் சேர்த்தால் கதையின் பொருளே மாறுகிறது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலத்தில் அவர் பாடல்கள் வெள்ளையின இளைஞர்களிடையே பரவியது உண்மை. அரசு வானொலியின் நூலகப் பிரதியில் ஒரு பாட்டின் தடம் கூரிய கருவியால் கீறப்பட்டிருந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவர் மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்ற வதந்தி அங்கே உலவியதும் உண்மை. ஆனால் அந்த நாட்டில் 5 லட்சம் பிரதிகள் விற்றன என்று அடிக்கடி சொல்லப்படும் எண், ஒரு மதிப்பீடுதான். யாரும் பேரேட்டைத் திறந்து கூட்டிச் சொன்ன கணக்கு அல்ல. அந்தப் பேரேடு ஒழுங்காக இருந்திருந்தால் படத்துக்கே வேலை இருந்திருக்காது.

எனவே 'யாருக்கும் தெரியாத பாடகர்' என்று கேட்டதும், யாருக்குத் தெரியாது என்று திருப்பிக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1970, 80களின் இளையராஜா பாடல்களைப் பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் தொகுத்து வெளியிட்டபோது, மேற்கத்தியச் சேகரிப்பாளர்கள் அதைப் புதையல் எடுத்தது போலக் கொண்டாடினார்கள். நம் ஊர் டீக்கடைகளில் அந்தப் பாடல்கள் ஒரு நாள்கூட நின்றதில்லை. சாம்பியாவில் 1970களில் விட்ச் என்ற குழு விளையாட்டரங்குகளில் கூட்டம் சேர்த்த குழு. 'ஸ்ட்ராபெரி லெட்டர் 23' என்ற பாட்டை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஷுகி ஓடிஸ் எழுதி 1971இல் வெளியிட்டார், ஆறு ஆண்டுகள் கழித்து க்வின்சி ஜோன்ஸ் தயாரிப்பில் பிரதர்ஸ் ஜான்சன் அதைப் பாடிப் பெருவெற்றி பெற்றார்கள். கோடிக்கணக்கானவர்கள் பாட்டைக் கேட்டார்கள், எழுதியவர் பெயரைத்தான் கேட்கவில்லை. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால், இசை எங்கோ ஒரு வட்டத்தில் ஒலித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அறுந்துபோனது, அந்த வட்டத்திலிருந்து கலைஞர் வரை வர வேண்டிய தாள்களின் சங்கிலி: விற்பனைக் கணக்கு, ஒப்பந்தம், முகவரி, காசோலை.

ஏன் அன்று விற்கவில்லை என்பதற்கு வருகிறேன். ரசிகர்கள் காலத்துக்கு முன்னால் வந்த மேதையைப் புரிந்துகொள்ளவில்லை என்ற விளக்கம் மறுவெளியீட்டின் அட்டைக் குறிப்பில் படிக்க நன்றாக இருக்கும். நான் பார்த்த வரையில் காரணம் பெரும்பாலும் விநியோகமும் கடனும்தான். அமெரிக்காவில் அன்று ஒரு சிறு நிறுவனம் ஐந்நூறோ ஆயிரமோ பிரதிகள் அச்சிடும். அச்சு ஆலைக்கு ரொக்கம் முன்கூட்டியே வேண்டும். விநியோகஸ்தரோ மூன்று மாதம் கழித்துப் பணம் தருவார், விற்காததைத் திருப்பியனுப்பும் உரிமையும் அவருக்கு உண்டு. பாட்டு ஓடவில்லை என்றால் ஐந்நூறு தட்டின் நட்டத்தோடு முடிந்துவிடும். ஓடிவிட்டாலோ, பத்தாயிரம் தட்டுக்கு இன்றே கடன் வாங்கி அச்சிட வேண்டும்; அடுத்த பாட்டும் ஓடும் என்ற நம்பிக்கை இல்லாத விநியோகஸ்தர் இந்தப் பாட்டின் பாக்கியைக் கொடுக்க அவசரப்பட மாட்டார். பெரிய ஊர் ஒன்றில் பாட்டு வெற்றியடைந்ததாலேயே மூடப்பட்ட நிறுவனங்களை நான் ஒன்றுக்கு மேற்பட்டுக் கண்டிருக்கிறேன். விற்காமல் தேங்கிய தட்டுகளின் உறை மூலையை வெட்டி, அல்லது துளையிட்டு, சில சென்ட்டுக்குக் கழித்துக் கட்டுவார்கள். அப்படிப் போன தட்டுக்குக் கலைஞருக்கு உரிமைத்தொகை கிடையாது என்பது அன்றைய ஒப்பந்தங்களில் வழக்கமான வரி. இன்று நாங்கள் பெருமையாக வைத்திருக்கும் பல ஆல்பங்களின் மூலை வெட்டுப்பட்டதுதான்.

இன்னும் கீழே போனால் நிறுவனமே கிடையாது, குடும்பம்தான் நிறுவனம். வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ரூட்லாண்ட் என்ற சிற்றூரில் டானி, ஜோ எமர்சன் என்ற இரு பதின்பருவச் சகோதரர்களுக்காக விவசாயியான தந்தை பண்ணையிலேயே ஒலிப்பதிவுக்கூடம் கட்டிக்கொடுத்தார். 1979இல் அவர்கள் தாங்களே வெளியிட்ட 'ட்ரீமின் வைல்ட்' அந்த வட்டாரத்தைத் தாண்டவில்லை. கடனால் நிலத்தின் பெரும்பகுதி போயிற்று. அது பல ஆண்டுகள் கழித்து ஸ்போக்கேன் நகரின் பழம்பொருள் கடையொன்றில் ஒரு சேகரிப்பாளர் கண்ணில் பட்டு, 2012இல் மறுவெளியீடு கண்டது. அதிலுள்ள 'பேபி' என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஊருக்குள் கறுப்பின இசைக்குழு ஒன்றையும் நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லாத இரு பையன்கள் வானொலியை மட்டும் கேட்டுக் கற்ற சோல் அது.

வானொலிதான் இன்னொரு காரணம், ஆனால் இங்கே நான் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். கறுப்பினத்தவர் கேட்கும் நிலையங்கள், வெள்ளையர் கேட்கும் ராக் நிலையங்கள் என்று அமெரிக்க வானொலி பிரிந்து கிடந்தது. கிதாரை அலறவிட்டுச் சைக்கடெலிக் பாணியில் பாடிய கறுப்பினக் கலைஞர், ஒரு பக்கத்துக்கு அதிக ராக், மறுபக்கத்துக்கு அதிக சோல் என்று இரண்டு வாசலிலும் திருப்பியனுப்பப்பட்டார். இது நடந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் குறிப்பிட்ட ஓர் ஆல்பம் இதனால்தான் தோற்றது என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம், ஏனென்றால் அதே பாணியில் பாடிய கறுப்பினக் கலைஞர் ஸ்லை ஸ்டோன் அதே காலத்தில் இரண்டு வாசலையும் உடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஷுகி ஓடிஸ் 1974இல் 'இன்ஸ்பிரேஷன் இன்ஃபர்மேஷன்' ஆல்பத்தைப் பெரும்பாலும் தாம் ஒருவரே எல்லாக் கருவிகளையும் வாசித்து, அன்று புதிதாக இருந்த தாள இயந்திரத்தையும் சேர்த்து, சுமார் மூன்று ஆண்டுகள் எடுத்து முடித்தார். எபிக் நிறுவனம் அதன்பின் அவரை விட்டுவிட்டது. கறுப்பினக் கலைஞர் என்பதாலா, மூன்றாண்டுத் தாமதத்தாலா, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர அழைத்தும் மறுத்தவர் என்று சொல்லப்படும் அவருடைய பிடிவாதத்தாலா என்று பிரித்தெடுக்க என்னால் முடியாது. டேவிட் பைர்ன் தொடங்கிய லுவாக்கா பாப் நிறுவனம் 2001இல் அதை மறுபடி வெளியிட்டபோது விமர்சகர்கள் பலர் அதைப் பாடகர் பிரின்ஸுக்கு முன்னோடி என்று எழுதினார்கள். அது நியாயமான ஒப்பீடு என்றே நானும் கருதுகிறேன்.

இப்போது சேகரிப்பாளர்கள். இந்தப் பழக்கத்தின் தொட்டில் அமெரிக்கா அல்ல, இங்கிலாந்தின் வடபகுதித் தொழில் நகரங்கள். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், பிளாக்பூலின் மெக்கா, 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கேசினோ ஆகிய நடன அரங்குகளில், இரவு முழுவதும் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் 1960களின் நடுப்பகுதி அமெரிக்க சோல் பாடல்களுக்கு ஆடினார்கள். லண்டனில் கடை வைத்திருந்த டேவ் கோடின் அதற்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயர் வைத்தார். அங்கே மதிப்பு, மோடவுன் பாணியில் அமைந்தும் மோடவுன் அளவுக்குப் புகழ் பெறாத பாடல்களுக்குத்தான். அரங்கில் தட்டைச் சுழற்றும் டி.ஜேக்கள் அமெரிக்கக் கிடங்குகளுக்கே போய் மூட்டை மூட்டையாகத் தட்டுகளை அள்ளி வந்தார்கள். போட்டியாளர் கண்டுபிடிக்காமலிருக்க லேபிளின் மேல் தாள் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப்பெயர் சொன்னார்கள். ஜமைக்காவின் ஒலிபெருக்கி நடனங்களில் லேபிளைச் சுரண்டி எடுத்த அதே தந்திரம். என் தொழிலின் பாவங்களில் இதை முதலாவதாக வைப்பேன். பாட்டைக் காப்பாற்றிய அதே கை, பாடியவரின் பெயரை அழித்தது.

ஃப்ராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' அதற்கு எடுத்துக்காட்டு. மோடவுனின் துணை நிறுவனமான சோல், 1965இல் அதற்காகச் சுமார் 250 முன்னோட்டப் பிரதிகள் அச்சிட்டுப் பின்பு அழித்துவிட்டது என்பது வழங்கிவரும் கதை. மிஞ்சியவை இரண்டு என்பார் சிலர், இன்னும் சில உண்டு என்பார் சிலர். விகனில் அது எட்டி ஃபாஸ்டர் என்ற பொய்ப்பெயரில் ஒலித்தது. 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு விற்றது. இந்த விலையில் வில்சனுக்கு ஒரு பென்னியும் இல்லை; பழைய தட்டு கைமாறும்போது பாடியவருக்கோ எழுதியவருக்கோ எதுவும் போகாது, அது பழைய நாற்காலி கைமாறுவது போன்ற விற்பனை. ஆனால் வில்சனை எண்ணி நாம் உருகவும் வேண்டியதில்லை. பாடுவதை விட்டுத் தயாரிப்பில் இறங்கிய அவர், மோடவுனிலேயே ஃபோர் டாப்ஸ், சுப்ரீம்ஸ், எட்டி கென்ட்ரிக்ஸ் ஆகியோரின் வெற்றிப் பாடல்களுக்குப் பின்னால் இருந்தவர். தொலைந்த மனிதர் அல்லர், தொலைந்த ஒரு தட்டு, அவ்வளவுதான். அரிய தட்டு என்பதும் நல்ல தட்டு என்பதும் வேறு வேறு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டு உண்மையிலேயே நல்ல பாட்டு. ஆனால் நான்கு இலக்க விலைக்கு நான் விற்ற தட்டுகளில் பாதியை, வாங்கியவர் இரண்டாம் முறை கேட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

அப்படியென்றால் பணம் எங்கே போகிறது என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு, ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருப்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சொல்லும் மெட்டும் ஒன்று, அது எழுதியவருக்கும், அவர் சார்பில் பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பாளருக்கும் உரியது. பதிவான ஒலி மற்றொன்று, அது பெரும்பாலும் நிறுவனத்துக்கு உரியது. குளோரியா ஜோன்ஸ் 'டெய்ன்டட் லவ்' பாட்டை 1960களின் நடுவில் பாடினார். பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டான சிங்கிள் ஒன்றின் பின்பக்கத்தில் வந்து யாரும் கவனிக்கவில்லை. 1973 வாக்கில் ரிச்சர்ட் சியர்லிங் என்ற டி.ஜே. அதைக் கண்டெடுக்க, வட இங்கிலாந்தில் பரவி, 1981இல் சாஃப்ட் செல் இருவரணி அதைப் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. உலகம் முழுவதும் விற்ற அந்தத் தட்டில் எழுத்தாளர் பங்கு எட் காப் என்பவருக்குப் போனது, பாட்டை எழுதியவர் அவர். குளோரியா ஜோன்ஸ் பாடியவர் மட்டும். அவர் குரல் இல்லாத புதிய பதிவில் அவருக்கு உரிமை இல்லை. இதில் ஒரு வேடிக்கை, சாஃப்ட் செல்லுக்கும் எழுத்தாளர் பங்கு கிடைக்கவில்லை. அவர்கள் மறுபக்கத்திலும் சுப்ரீம்ஸின் பழைய பாட்டொன்றையே வைத்தார்கள். சொந்தப் பாட்டொன்றை வைத்திருந்தால், விற்ற ஒவ்வொரு தட்டிலும் அவர்களுக்குப் பங்கு வந்திருக்கும்.

எழுதியவருக்குக் கிடைத்ததும் அன்று அற்பம்தான். அமெரிக்கச் சட்டம் ஒரு தட்டில் ஒரு பாட்டுக்கு விதித்த எழுத்தாளர் தொகை 1909 முதல் 1977 வரை மாறாமல் 2 சென்ட். அதையும் பதிப்பாளரோடு பகிர வேண்டும். பாடியவருக்கோ, பதிவுக்கூட வாடகை, இசைக்கலைஞர் கூலி, முன்பணம் எல்லாம் அவர் பங்கிலிருந்து கழிந்து தீர்ந்த பிறகுதான் முதல் காசு. விற்காத ஆல்பத்தில் அந்தக் கடன் தீரவே தீராது. நிறுவனம் கைமாறும்போது கடனும் சேர்ந்து கைமாறும். போதாக்குறைக்கு, அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்கு இன்றுவரை கிடையாது. பிரிட்டனில் உண்டு. 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவான ஒலிகள் அமெரிக்கக் கூட்டாட்சிக் காப்புரிமைக்கு வெளியே, மாநிலச் சட்டங்களின் கையில் கிடந்தன. 2018ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைச் சரிசெய்தது. நீங்கள் விரும்பும் சோல் இசையில் பெரும்பகுதி அந்தத் தேதிக்கு முந்தியது. ஒரே ஆறுதல், இணைய வானொலி. அங்கே வசூலாவதில் 50 விழுக்காடு ஒலியின் உரிமையாளருக்கு, 45 பாடியவருக்கு, 5 துணைக் கலைஞர்களுக்கு என்று சட்டமே பிரித்துவிட்டது, பழைய கடனைக் காட்டி அந்த 45ஐ நிறுவனம் பிடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அதை வசூலிக்கும் அமைப்பில் கலைஞர் தம் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். நான் தொலைபேசியில் பிடித்த முதியவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மறுவெளியீட்டுக்கு நாங்கள் கொடுத்த முன்பணத்தைவிட அந்தப் பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததே அவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

தேடும் வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். தட்டைத் திருப்பி விளக்கடியில் பிடித்தால், கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தில் எண்கள் கீறப்பட்டிருக்கும். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அச்சான தட்டாக இருந்தால் சிறு முக்கோணக் குறியும் அருகே வரிசை எண்ணும் இருக்கும், எண் ஏற ஏறக் காலமும் ஏறும் என்பதால் எப்போது அச்சானது என்று ஏறக்குறையக் கணித்துவிடலாம். லேபிளில் அடைப்புக்குறிக்குள் எழுதியவர் பெயர் இருக்கும். பதிப்பாளர் பெயரை வைத்துக் காப்புரிமைப் பதிவேட்டில் தேடலாம். பிறகு பழைய தொலைபேசிப் புத்தகம், தேவாலயச் செய்திமடல், மரண அறிவிப்பு. ஒருமுறை தென்மாநிலம் ஒன்றில் அச்சான ஒரு சிங்கிளுக்காக எட்டு மாதம் அலைந்தேன். பாடியவர் இறந்திருந்தார், மனைவி இருந்தார், அவரிடம் ஒப்பந்தத்தின் கார்பன் நகலும் இருந்தது. தயாரித்தவரும் உயிரோடு இருந்தார், அவரிடம் இன்னொரு நகல் இருந்தது, இரண்டிலும் வெவ்வேறு விழுக்காடு. இருவரும் ஒருவரோடொருவர் பேச மறுத்தார்கள், மறுவெளியீடு நடக்கவில்லை. இன்று அந்தப் பாட்டை யாரோ முகம் தெரியாதவர் இணையத்தில் ஏற்றியிருக்கிறார், லட்சக்கணக்கானோர் கேட்டிருக்கிறார்கள், இரு வீட்டுக்கும் எதுவும் போகவில்லை.

அதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ப்ரிக்ஸ் என்ற சிறு நிறுவனம் விட்டுச்சென்ற ஒலிநாடாக்களில் ஓர் ஒத்திகைப் பதிவு இருந்தது. பாடியவர்கள் பெயர் பென்னி அண்ட் தி குவார்ட்டர்ஸ் என்பதைத் தவிர வேறு தடயமில்லை. சிகாகோவின் நூமெரோ குரூப் 2007இல் அதை வெளியிட்டது. 2010இல் 'ப்ளூ வேலன்டைன்' படத்தில் அது இடம்பெற்ற பிறகுதான், பாடிய பெண்மணி அடுத்த ஆண்டு அடையாளம் காணப்பட்டார். சேகரிப்பாளர்களைத் திட்டித் தீர்க்கும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்கள் இல்லையென்றால் அந்த நாடா குப்பைக்குப் போயிருக்கும். சிகாகோவின் சில் ஜான்சன் கதை வேறு மாதிரி. அவருடைய 1967ஆம் ஆண்டுப் பாட்டான 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' ராப் கலைஞர்கள் பலரால் வெட்டி எடுத்துப் பயன்படுத்தப்பட்டது. அவர் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொருவராகத் துரத்தி வழக்கும் பேரமுமாகப் பணம் வாங்கினார். தொலைந்துபோன கலைஞர் என்று யாராவது அழைத்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவுக்கு வெளியே நிலைமை இன்னும் கடினம். சாம்பியாவின் தலைவர் கென்னத் கவுண்டா வானொலியில் 95 விழுக்காடு உள்நாட்டு இசையாக இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது விட்ச், அமனாஸ் போன்ற குழுக்கள் தழைக்க உதவியது. தாமிர விலை சரிந்தபோது நாட்டின் பொருளாதாரமும் அதோடு இசைத்தட்டுத் தொழிலும் சரிந்தன, திருட்டு கேசட்டுகள் மிச்சத்தைத் தின்றன. நவ்-அகெய்ன் நிறுவனம் 2010களின் தொடக்கத்தில் விட்ச் ஆல்பங்களைத் தொகுத்தபோது, 1970களின் குழுவில் பாடகர் ஜகாரி சந்தா ஒருவர்தான் மிச்சம். மற்றவர்கள் இறந்திருந்தார்கள், பலரை எய்ட்ஸ் கொண்டுபோயிருந்தது. ஜகாரி ரத்தினக் கல் தோண்டும் தொழிலில் இருந்தார். பிறகு அறுபது வயதைக் கடந்து ஐரோப்பிய மேடைகளில் பாடினார், 2023இல் அவருடைய குழு புதிய ஆல்பமும் வெளியிட்டது. மகிழ்ச்சியான முடிவுதான், ஆனால் குழு முழுவதற்கும் உரிய கைதட்டலை ஒருவர் வாங்கிக்கொண்ட முடிவு. நைஜீரியாவின் வில்லியம் ஒன்யேபோர் இதற்கு முற்றிலும் மாறானவர். 1977க்கும் 1985க்கும் இடையில் எட்டு ஆல்பங்களைத் தாமே பதிவுசெய்து தாமே வெளியிட்டவர், பிறகு கிறித்தவ நம்பிக்கையில் ஆழ்ந்து, பழைய இசையைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். 2013இல் தொகுப்பு வெளிவந்து உலகம் வியந்தபோதும் மேடைக்கு வரவில்லை, 2017இல் இறந்தார். சோவியத் நாட்டில் படித்தார், அங்கே படித்தார் இங்கே படித்தார் என்று அவரைச் சுற்றி நெய்யப்பட்ட கதைகளை நான் விற்பனைக் குறிப்பில்கூட எழுதியதில்லை. கண்டெடுக்கப்பட விரும்பாத கலைஞரும் உண்டு என்பதை எங்கள் கூட்டம் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

கண்டெடுப்பவர் சேகரிப்பாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. ரோட்டரி கனெக்ஷன் குழுவுக்கும் மின்னி ரிப்பர்டனுக்கும் பின்னால் இருந்த சிகாகோ இசையமைப்பாளர் சார்ல்ஸ் ஸ்டெப்னி 1976இல் 45 வயதில் இறந்தார். வீட்டின் அடித்தளத்தில் அவர் தனியாகப் பதிந்த நான்கு தட நாடாக்களை மகள்கள் பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, 2022இல் இன்டர்நேஷனல் ஆந்தம் நிறுவனம் மூலம் 'ஸ்டெப் ஆன் ஸ்டெப்' என்று வெளியிட்டார்கள். நான் இந்தத் தொழிலில் பார்த்த மறுவெளியீடுகளில் மனத்துக்கு முழு நிறைவு தந்தது இது ஒன்றுதான். உரிமை தேட வேண்டிய வேலையே இல்லை, நாடாவும் கணக்கும் ஒரே வீட்டில் இருந்தன.

ஆகவே சேகரிப்பாளர்கள் உதவுகிறார்களா, சுரண்டுகிறார்களா என்றால், ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் செய்கிறார் என்பதே என் பதில், நானும் செய்திருக்கிறேன். ஒரு முதியவரிடம் பெட்டி நிறையத் தட்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஒன்றின் விலையிலேயே மொத்த முதலையும் எடுத்த நாள் உண்டு, அன்று அது எனக்குத் திறமையாகத் தோன்றியது. உரிமம் பெற்ற மறுவெளியீடு அப்படி அல்ல, அதில் முன்பணம் உண்டு, அரையாண்டுக் கணக்கு உண்டு. தொகை பெரிதாக இராது. ஆயிரம் தட்டு விற்கும் ஆல்பத்தில் யாரும் வீடு கட்டிவிட முடியாது. ஆனால் படத்திலோ விளம்பரத்திலோ பாட்டு இடம்பெறும்போது பேரம் பேச, உரிமை யாருடையது என்ற தாள் அப்போது தயாராக இருக்கும். பெரும்பணம் வருவது அந்த வழியில்தான்.

மலிவுத் தட்டு பற்றிய உங்கள் கடைசி வரிக்கு: உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். யாரிடமிருந்து உரிமம் பெறப்பட்டது, எந்த ஆண்டு என்ற வரி இருக்கிறதா, பதிப்பாளர் பெயர் இருக்கிறதா, வெளியிட்ட நிறுவனத்துக்கு முகவரி இருக்கிறதா என்று தேடுங்கள். மூல நாடாவிலிருந்து எடுத்தது என்று சொல்லாமல், பழைய அட்டையின் மங்கலான நகலும், புதிய தட்டிலும் ஊசி ஓடிய கரகரப்பும் இருந்தால் அது பெரும்பாலும் ஒரு பழைய தட்டை ஓடவிட்டு எடுத்த திருட்டுப் பதிப்பு. நாடாவே அழிந்துபோன நேர்மையான மறுவெளியீடுகளும் தட்டிலிருந்தே எடுக்கப்படுவதுண்டு, ஆனால் அவை அதைக் குறிப்பில் சொல்லிவிடும். 'கோல்ட் ஃபேக்ட்' வாங்குவதானால் 2008க்குப் பின் உரிமத்தோடு வந்த பதிப்பை வாங்குங்கள். சில நூறு ரூபாய் கூடுதலாகும். அந்தக் கூடுதல் ரூபாயில் ஒரு பங்கு டெட்ராய்ட்டில் உள்ள அவர் குடும்பத்துக்குப் போக வழியாவது இருக்கிறது.